பள்ளிக்குள் எந்த மொழி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள்; வீட்டில் பேசுவது பணியர் மொழி. ஆசிரியர் பேசுவது பிடிபடாமல் வாயே திறப்பதில்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ளாட்சி அளவிலேயே பள்ளி மொழிக் கொள்கையைத் திருத்தி எழுதுகிறார்களாமே, நாங்களும் எழுதலாமா?
– வாசகி, பந்தலூர்

பதில்: தாராளமாக எழுதலாம். வேல்ஸைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எதையும் எண்ணோடும் தேதியோடும் எழுதிவைக்கும் பழக்கம். அங்கே 22 உள்ளாட்சிகள். அந்த மண்ணின் மொழியான வெல்ஷ் வழிக் கல்வியை எப்படி வளர்ப்பது என்று ஒவ்வொன்றும் திட்டம் தர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். இப்போது நடப்பது 2022 செப்டம்பரில் தொடங்கிய பத்தாண்டுத் திட்டம். ஒன்றாம் வகுப்பில் எத்தனை விழுக்காட்டுப் பிள்ளைகள் வெல்ஷ் வழியில் படிப்பார்கள் என்ற இலக்கு அதில் உண்டு. ‘இருமொழிப் பள்ளி’ என்று பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் ஆங்கிலம் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அதனால் பள்ளி நேரத்தில் வெல்ஷ் எவ்வளவு என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆங்கிலமே பிரதானமான பள்ளியிலும் குறைந்தது 10 விழுக்காடு வெல்ஷ் இருக்க வேண்டும்.

உங்கள் குழுவால் பயிற்று மொழியையோ பாடநூலையோ தேர்வையோ மாற்ற முடியாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது குழுவின் வேலை. அதற்குள் மொழியைக் கொண்டுவாருங்கள். அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் (2006) குறுக்கே நிற்காது. பணியர் மொழி இங்கே தமிழுக்கு ஏறும் படி, தமிழுக்கு மாற்று அல்ல.

முதலில் கணக்கெடுப்பு. சேர்க்கையின்போது ‘தாய்மொழி என்ன?’ என்று கேட்டால் பெற்றோர் தயங்கி, தமிழ் என்றோ மலையாளம் என்றோ சொல்லிவிடுவார்கள். ‘பாட்டியிடம் பிள்ளை எதில் பேசும்?’ என்று கேளுங்கள். காட்டுநாயக்கர், முள்ளுக் குரும்பர் போன்ற வேறு பழங்குடி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் அவர்களைத் தனியாக எழுதுங்கள். எல்லாரையும் ஒரே மொழியில் அடைத்தால் பழைய தவறே வேறு பெயரில் நடக்கும்.

பிறகு நேரம். முதல் பருவம் முழுக்க ஒன்றாம் வகுப்பில் தினமும் காலை 30 நிமிடம் பணியர் மொழியில் கதை, பாட்டு, எண்ணிக்கை. எழுத்துப் பயிற்சி தமிழிலேயே நடக்கட்டும். இரண்டாம் பருவத்தில் அதே கதையை இரு மொழியிலும் சொல்லலாம். பணியர் மொழிக்குத் தனி எழுத்து இல்லாததால் தமிழ் எழுத்தில் 100 சொல் குறித்து ஆசிரியர் மேசையில் வையுங்கள். ‘வயிறு வலிக்கிறது’, ‘வெளியே போகணும்’ போன்றவை முதலில் வரட்டும். பணியர் பிள்ளைகளை மட்டும் தனி வரிசையில் உட்காரவைக்காதீர்கள். அப்படிச் செய்தால் உதவி என்று தொடங்கியது ஒதுக்கலாக முடியும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் ஆள்தான். வேல்ஸிலும் திட்டங்கள் இடறுவது வெல்ஷில் பாடம் நடத்தும் ஆசிரியர் பற்றாக்குறையால்தான். பள்ளிப் படிப்பு முடித்த பணியர் இளைஞரோ இளம்பெண்ணோ ஊரில் இருப்பார்; அந்த 30 நிமிடத்தை நடத்த அவரை அழையுங்கள். அவருக்கு மதிப்பூதியம் எவ்வளவு, எந்த நிதியிலிருந்து என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் தேயிலைக் கொழுந்து மிகும் பருவத்தில் தோட்ட வேலைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் என்பது சட்டம். அதில் பணியர் பெற்றோர் எத்தனை பேர் என்று பாருங்கள். பருவ முடிவில் வருகையையும், ஆசிரியர் தமிழில் சொல்வதைக் கேட்டுச் செய்யும் பிள்ளைகளையும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறாவிட்டால் அடுத்த பருவத்துக்குள் திருத்துங்கள்.

கேள்வி: நீலகிரிப் படுகர்கள் பேசும் படுக மொழியைப் பள்ளியில் பாடமாக வைக்க வழி உண்டா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: தமிழ் கற்றல் சட்டம், தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியாக இல்லாதவர் தம் மொழியை விருப்பப் பாடமாகப் படிக்க இடம் தருகிறது. ஆனால் பாடத்திட்டம், நூல், ஆசிரியர் மூன்றும் வேண்டும். படுக மொழிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடமில்லை. மக்கள்தொகைக் கணக்கிலும் கன்னடத்தின் கீழ்தான் சேர்க்கிறார்கள். உடனடியாக நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பாடமாக வைத்தாலே மொழி நிலைத்துவிடாது என்பதையும் வேல்ஸ் காட்டுகிறது. அங்கே 16 வயதுவரை வெல்ஷ் கட்டாயப் பாடம். இருந்தும் வெல்ஷ் பேசுவோர் 2011-இல் 19 விழுக்காடாக இருந்து 2021-இல் 17.8 ஆகக் குறைந்தார்கள். அதிகம் குறைந்தது 3 முதல் 15 வயதுக்காரர்களிடம்தான். ஆகவே மதிப்பெண் பாடத்துக்குக் காத்திராமல், வாரம் ஒரு மன்ற நேரம் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் பாட்டு, பழமொழி, பயிர்ப் பெயர் என்று நடத்தலாம். ஹட்டியில் (படுகர் ஊரில்) பிள்ளைகளிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசிவிட்டுப் பள்ளியைக் கேட்பது நியாயமில்லை.

கேள்வி: போபாலில் இருந்து வந்த நண்பரின் மகள் நான்காம் வகுப்பு. தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. என்ன செய்யலாம்?
– வாசகர், உதகை

பதில்: வடமேற்கு வேல்ஸின் குவினெத்தில், வெல்ஷ் தெரியாமல் வரும் பிள்ளைகளை ஒரு பருவம் தனி மையத்தில் தீவிரமாகப் பேசப் பழக்கிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். இங்கே அப்படி மையம் இல்லை. பள்ளியிடம் 12 வாரம், தினம் அரை மணி கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று வாரம் பேச்சு மட்டும். எழுத்தில் 247-ஐயும் வரிசையாக எழுதவைக்காமல், ஒரு மெய்யை எடுத்து அதோடு சேரும் உயிர்க் குறிகளைப் (கா, கி, கு போல) பழக்குங்கள். இந்தியில் க, க², க³, க⁴ (ka, kha, ga, gha) நான்குக்கும் தனி எழுத்து உண்டு. தமிழில் ஒரே ‘க’ இடத்துக்கேற்ப ஒலிக்கும் என்பதுதான் முதலில் குழப்பும். ல, ள, ழ அதற்குப் பிறகு. பாடலைத் தேவநாகரியில் எழுதி மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். மளமளவென்று ஒப்பிக்கும், பேருந்துப் பலகையை வாசிக்காது.