ஸ்கோபஸ் பேப்பருக்கு 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். சிறுதானியங்கள் பற்றிப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். "முதலில் ஒரு பிப்ளியோமெட்ரிக் பேப்பர் போட்டுவிடுங்கள், அதுதான் சுலபம்" என்கிறார் என் வழிகாட்டி. ஒரு ஏஜென்சியில் கேட்டேன். 45,000 ரூபாய் கொடுத்தால் இரண்டே மாதத்தில் ஸ்கோபஸ் (ஆய்வுக் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் தொகுக்கும் தரவுத்தளம்) பட்டியலிலுள்ள ஓர் இதழில் போட்டுத் தருகிறார்களாம். எனக்குப் புள்ளியியலும் வராது, புரோகிராமிங்கும் வராது. கல்லூரியில் ஸ்கோபஸ் சந்தாவும் இல்லை. நானே செய்ய முடியுமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். இதை நீங்களே செய்யலாம். சரியாகச் சொன்னால், உங்களைப் போல ஒரு தாவரவியல்காரரால்தான் இது முடியும், அந்த ஏஜென்சியால் முடியாது.

முதலில் கணக்குப் பயத்தை விடுங்கள். ஒரு துறையில் யார் எழுதுகிறார்கள், எந்த நிறுவனத்திலிருந்து, எந்த இதழில் எழுதுகிறார்கள், எந்தக் கட்டுரையைப் பிறர் மேற்கோள் காட்டுகிறார்கள், எந்தெந்தக் குறிச்சொற்கள் சேர்ந்தே வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் பிப்ளியோமெட்ரிக் ஆய்வு. அதற்குக் கூட்டலும் சதவீதமும் தெரிந்தால் போதும், மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வரைபடம் போடுகிற விஓஎஸ்வியூவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். 2017இல் இத்தாலிக்காரர்கள் இருவர் வெளியிட்ட பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற தொகுப்பும் இலவசம். அதிலுள்ள பிப்ளியோஷைனி திரையைத் திறக்க ஓரிரு கட்டளை தட்டினால் போதும், பிறகு நிரல் எழுதாமல் பட்டனை அழுத்தியே வேலையை முடிக்கலாம். ஏஜென்சி உங்களிடம் விற்பது இந்தப் பட்டன் அழுத்தலைத்தான்.

கஷ்டம் அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது. தேடல் வாக்கியத்தை, அதாவது தரவுத்தளத்தில் எந்தெந்தச் சொற்களைப் போட்டுத் தேடுவது என்பதைச் சொல்கிறேன். உங்கள் தலைப்பையே எடுத்துக்கொள்வோம்.

ஸ்கோபஸில் 'மில்லட்' என்று மட்டும் போட்டுத் தேடினால் கம்பும் கேழ்வரகும் வரும், கூடவே துருக்கிய உதுமானியப் பேரரசின் வரலாறும் வரும். அந்தப் பேரரசில் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தத்தம் சமய விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொண்ட ஏற்பாட்டுக்கு 'மில்லட் முறை' என்று பெயர். வரலாற்று இதழ்களில் அதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எல்லாப் புலங்களிலும் தேடினால் மில்லே என்ற குடும்பப் பெயர் கொண்ட பிரெஞ்சுக்காரர்களும் வந்து உட்காருவார்கள், எழுத்துக்கூட்டல் ஒன்றே என்பதால். சரி, தாவரப் பெயரால் தேடுவோம் என்று தினைக்கு 'சிடேரியா' என்று போடுகிறீர்கள். தினை வரும். அதோடு யானைக்கால் புழுவுக்கு உறவான, மாட்டின் வயிற்றறையில் வாழும் புழு ஒன்றும் வரும், அந்தப் பேரினத்துக்கும் சிடேரியா என்றுதான் பெயர். உங்களுக்குக் கட்டுரைத் தலைப்பைப் பார்த்த உடனே சிரிப்பு வந்துவிடும். ஏஜென்சியில் உட்கார்ந்து ஒரே நாளில் பல தலைப்புகளுக்குப் படம் போடுகிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? புழுவையும் தினையையும் ஒரே வரைபடத்தில் போட்டுவிட்டு, 'சிறுதானிய ஆய்வில் கால்நடை நலம் புதிய திசையாக எழுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிடுவான்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கம்பு ஒரு காலத்தில் பெனிசீட்டம் டைஃபாய்டிஸ், பிறகு பெனிசீட்டம் கிளாக்கம், இப்போது சிலர் எழுதுவது சென்க்ரஸ் அமெரிக்கானஸ். பஜ்ரா என்றே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெயரை விட்டாலும் ஒரு தலைமுறை ஆய்வே உங்கள் கணக்கிலிருந்து காணாமல் போகும். கேழ்வரகு, வரகு, சாமை, குதிரைவாலி, பனிவரகு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தாவரப் பெயர், ஆங்கிலப் பெயர், வட்டாரப் பெயர் மூன்றையும் அட்டவணை போட்டுத்தான் தேடல் வாக்கியத்தை எழுத வேண்டும்.

இன்னொரு முடிவும் உங்களுடையதுதான். சோளத்தைச் சேர்ப்பதா, வேண்டாமா? இந்திய அரசு சிறுதானியங்களை 'ஸ்ரீ அன்னா' என்று சொல்லும்போது சோளமும் அதில் அடக்கம். ஆனால் சேர்த்தீர்களானால், தீவனமாகவும் எரிபொருளாகவும் சோளத்தை வளர்க்கிற நாடுகளின் ஆய்வுகள் வந்து குவிந்து, சாமையும் குதிரைவாலியும் வரைபடத்தின் மூலையில் ஒரு புள்ளியாகிவிடும். உங்கள் அக்கறை சிறுதானியம் என்பதால் நான் விட்டுவிடச் சொல்வேன். எப்படிச் செய்தாலும், செய்ததையும் காரணத்தையும் ஆய்வுமுறைப் பகுதியில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. விஓஎஸ்வியூவரில் ஸ்கோபஸ் தரவைக் கொடுத்து 'எல்லாக் குறிச்சொற்களும்' என்று தேர்ந்தெடுத்தால், படத்தின் நடுவில் 'ஆர்ட்டிகிள்', 'நான்ஹியூமன்', 'கன்ட்ரோல்டு ஸ்டடி' என்று பெரிய பெரிய வட்டங்கள் வரும். அவை ஆசிரியர்கள் எழுதிய சொற்கள் இல்லை. தரவுத்தளம் தன் வசதிக்கு ஒட்டிய முத்திரைகள். அச்சாகி வெளிவந்த கட்டுரைகளிலேயே இந்த வட்டங்களைப் பார்க்கலாம், அதற்கு விளக்கம் வேறு எழுதியிருப்பார்கள்! 'ஆசிரியர் குறிச்சொற்கள்' என்பதை மட்டும் எடுங்கள். பிறகு ராகி, ஃபிங்கர் மில்லட், ஃபிங்கர் மில்லட்ஸ், எலியூசின் கோரகானா என்று நான்காகக் கிடப்பதை ஒன்றாக்குங்கள். அதற்கு இரண்டே நெடுவரிசை கொண்ட ஒரு சாதாரண உரைக் கோப்பு போதும். இடப்பக்கம் இருக்கிற சொல், வலப்பக்கம் மாற்ற வேண்டிய சொல். மென்பொருள் அதைப் படித்துக்கொள்ளும். அலுப்பான வேலைதான். ஆனால் ஆய்வின் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

நிறுவனப் பெயர்களிலும் இதே தொல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தை ஒருவர் முழுப் பெயரில் எழுதுவார், இன்னொருவர் சுருக்கி எழுதுவார், மதுரையில் இருக்கிறவர் வேளாண் கல்லூரியின் பெயரை மட்டும் எழுதுவார், திருவண்ணாமலை அத்தியந்தல் சிறுதானிய மையத்தில் இருப்பவர் மையத்தின் பெயரை எழுதுவார். எல்லாம் ஒரே பல்கலைக்கழகம். பிரித்து எண்ணினால் தரவரிசையில் அது கீழே போய்விடும். ஆள் பெயர்களில் நம் ஊர்ச் சிக்கல் தனி. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இனிஷியல்தான் அடையாளம். 'குமார், எஸ்.' என்ற ஒரு வரிக்குள் எத்தனை குமார்கள் இருக்கிறார்களோ! பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறுவதும் உண்டு, ஒரே ஆராய்ச்சியாளர் இரண்டு பேராகிவிடுவார். ஆகவே 'அதிகம் எழுதிய பத்துப் பேர்' என்று பட்டியல் போடுமுன் ஒவ்வொரு பெயரையும் கையால் சரிபாருங்கள். உங்களுக்கென்று ஓர்கிட் எண் (ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்) இல்லையென்றால் இன்றே வாங்கிவிடுங்கள், காசு கிடையாது.

படம் கோலம் மாதிரி அழகாக வரும். அதில் மயங்காதீர்கள். நிறங்கள் எதைக் காட்டுகின்றன என்று அந்தந்த நிறக் கூட்டத்திலுள்ள சில கட்டுரைகளையாவது திறந்து படித்துச் சொல்ல வேண்டும். ஆண்டுவாரிக் கட்டுரை எண்ணிக்கையைக் காட்டும் கோடு கடைசி ஆண்டில் கீழே இறங்குவதைப் பார்த்து 'ஆய்வு ஆர்வம் குறைகிறது' என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஆண்டின் கட்டுரைகள் இன்னும் முழுதாகத் தரவுத்தளத்தில் ஏறியிருக்காது, அவ்வளவுதான். 2023ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததால் அதையொட்டி ஏற்றம் தெரியலாம். அது ஆராய்ச்சியின் வளர்ச்சியா, திருவிழாவுக்கு எழுதிய கட்டுரைகளா என்பதைப் படித்துத்தான் சொல்ல முடியும். ஸ்கோபஸில் இல்லாததை 'ஆய்வே இல்லை' என்றும் எழுதாதீர்கள். கொல்லிமலையில் சிறுதானியங்களை வைத்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் வேலை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் எவ்வளவோ அறிக்கையாகவும் தமிழ்க் கையேடாகவும்தான் இருக்கும், ஸ்கோபஸ் அதைப் பார்க்காது.

இனி அந்த ஏஜென்சி. இவர்கள் பேச்சில் சில அடையாளங்கள் உண்டு. 'ஸ்கோபஸ் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று சொன்னால் அப்போதே போனை வைத்துவிடுங்கள். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிடுவது கிளாரிவேட் நிறுவனம், ஸ்கோபஸ் எல்செவியருடையது, அதன் அளவுகோலுக்கு சைட்ஸ்கோர் என்று பெயர். இரண்டையும் ஒட்டவைக்கிறவருக்கு ஒன்று, விஷயம் தெரியாது. அல்லது உங்களுக்குத் தெரியாது என்று தெரியும். 'ஏழு நாளில் அக்செப்டன்ஸ்' என்றால் துறை வல்லுநர்களின் மதிப்பாய்வு நடக்கவில்லை என்று பொருள். முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை என்று சொன்னால், நீங்கள் எழுதாத கட்டுரையில் முகம் தெரியாத நாலு பேரோடு உங்கள் பெயர் வரப்போகிறது. உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்பார்கள், 'சப்மிஷன் நாங்களே பார்த்துக்கிறோம் மேடம்' என்பார்கள். கொடுக்கவே கூடாது. மதிப்பாய்வாளர் என்று போலி மின்னஞ்சல்களைக் கொடுத்துத் தாங்களே பாராட்டி எழுதிக்கொண்ட மோசடி பிடிபட்டு, 2015இல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஒரே தடவையில் 64 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. 2023இல் ஹிண்டாவி பதிப்பகத்தின் இதழ்களில் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஏஜென்சிக்காரர் அதற்குள் போன் எண்ணை மாற்றியிருப்பார். 'திரும்பப் பெறப்பட்டது' என்ற சிவப்பு முத்திரை உங்கள் பெயரோடுதான் நிற்கும்.

அவர் காட்டும் இதழ் ஸ்கோபஸில் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். 'இருந்தது' என்பதைக் கவனியுங்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைப் பார்க்கச் சந்தா தேவையில்லை, யாரும் பார்க்கலாம். இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டால் எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியும். பாதியில் நீக்கப்பட்டிருந்தால் அதுவும் தெரியும். பிறகு இணைய முகவரியைப் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஜென்ட் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், அந்த இதழில் முன்பு எழுதிய ஒருவரின் கட்டுரையிலுள்ள டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) வழியாக உள்ளே போங்கள்.

அப்படியானால் பணம் கேட்கிற இதழெல்லாம் போலியா என்று அடுத்து கேட்பீர்கள். இல்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், இதில்தான் நல்லவர்களும் குழம்புகிறார்கள். திறந்த அணுக்க இதழ்கள், வாசகரிடம் சந்தா வாங்காமல் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. அது முறையான ஏற்பாடு. வித்தியாசம் எப்போது, யார், எங்கே கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒழுங்கான இதழ் கட்டணத் தொகையைத் தன் தளத்தில் முன்கூட்டியே போட்டிருக்கும். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகுதான் பில் வரும், பதிப்பகத்தின் பெயரில் வரும். தனியார் ஒருவரின் ஜிபே எண்ணுக்கு வராது. சமர்ப்பிக்கும்போதே சிறு தொகை கேட்கிற மதிப்புள்ள இதழ்களும் சில துறைகளில் உண்டு. அதுவும் தளத்தில் எழுதியிருக்கும். சந்தா, திறந்த அணுக்கம் இரண்டும் உள்ள கலப்பு இதழ்களில் நீங்கள் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஒரு பைசா செலவில்லை. சமர்ப்பிக்கும் படிவத்தில் அந்தத் தேர்வு வரும், அவசரத்தில் திறந்த அணுக்கத்தை அழுத்திவிட்டு லட்சக்கணக்கில் பில் வந்த பிறகு அலறக்கூடாது. இந்திய அறிவியல் சங்கங்களும் நிறுவனங்களும் நடத்துகிற இதழ்களில் கட்டணமே இல்லாதவை உண்டு. தலைப்பு பொருந்தினால் முதலில் அங்கே அனுப்புங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றும் கேட்க வேண்டும். முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிமுறைகளிலேயே எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் கட்டாயமாக்கிக்கொள்ளலாம், பல அப்படித்தான் வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழக விதியில் 'ஸ்கோபஸ்' என்ற சொல் இருக்கிறதா, வழிகாட்டியின் வாயில் மட்டும் இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் இவை என்று 2019இல் வந்த யுஜிசி கேர் பட்டியலை 2025இல் கைவிட்டார்கள். இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களின் தலையில். நிறுவனங்களோ தரவரிசைக்கு எண்ணிக்கை வேண்டும் என்று ஆசிரியர் தலையில் ஏற்றுகின்றன. நூலகத்தை எண்களால் அளந்து பார்க்கலாம் என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1948இலேயே சொன்னார். அவர் ஊரில், இந்தச் சந்தேகத்தைப் போய்க் கேட்க ஒரு நிரந்தர நூலகர்கூட இல்லாமல் பல கல்லூரிகள் ஓடுகின்றன. ஏஜென்சிகள் முளைக்காமல் என்ன செய்யும்?

ஸ்கோபஸ் சந்தா இல்லை என்றீர்கள். நீங்கள் பதிவு செய்திருக்கும் பல்கலைக்கழகத்தில் இருக்கும், ஆய்வு மாணவர் அட்டையோடு போய் நூலகத்தில் உட்கார்ந்தால் ஒரே அமர்வில் தரவை இறக்கிவிடலாம். காசுக்கு லாகின் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்திலும் இல்லையென்றால் டைமென்ஷன்ஸ், லென்ஸ், ஓபன்அலெக்ஸ் என்ற தரவுத்தளங்கள் மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன, விஓஎஸ்வியூவர் அவற்றின் தரவையும் படிக்கும். ஒரு தளத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டைக் கலந்தால் ஒரே கட்டுரை இரண்டு தடவை எண்ணப்படும்.

இறக்கிய தேதி, முழுத் தேடல் வாக்கியம், எத்தனை பதிவுகள் வந்தன, எவற்றை ஏன் நீக்கினீர்கள் ஆகிய நான்கையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். தரவுத்தளம் நாளுக்கு நாள் மாறும், மறுவாரம் அதே தேடலுக்கு வேறு எண் வரும். மதிப்பாய்வாளர் முதலில் கேட்கப்போவதும் இந்த நான்கைத்தான்.