கோல்ஃப் புல்தரைக்கு மண்ணுக்கடியில் சொட்டுநீர்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் உள்ளவை போன்ற பாலைநிலத் திடல்களைப் பராமரிப்பவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: தெளிப்பான்களை முற்றிலும் நீக்கிவிட்டு, திடல் முழுவதும் சொட்டுநீர்க் குழாய் பதிக்கலாமா?

பதில்: வேண்டாம். டீ மேடைகளிலும் (ஒவ்வொரு குழிக்குமான முதல் அடியை அடிக்கும் இடங்கள்) மணல் குழிகளின் விளிம்புகளிலும் மட்டும் பதியுங்கள். அத்தகைய ஒடுங்கிய இடங்களில்தான் தெளிப்பானின் நீர் புல்லைத் தாண்டி மணலிலும் நடைபாதையிலும் விழுந்து வீணாகிறது. கிரீனில், அதாவது பந்துக்குழி உள்ள குட்டையான புல்தரையில், பதிப்பதை நான் ஏற்க மாட்டேன். பந்துக்குழியின் இடத்தை அங்கே அடிக்கடி மாற்றுகிறோம். குழி வெட்டும் கருவி இறங்கும் ஆழத்தில்தான் குழாயும் கிடக்கும்.

கேள்வி: எவ்வளவு நேரம் நீர் விட வேண்டும்?

பதில்: குழாய் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருக்கட்டும். மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர்கள் (குழாயில் நீர் சொட்டும் வாய்கள்) நீளத்திலும் அகலத்திலும் 30 செ.மீ. இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றின் பங்கு 0.09 சதுர மீட்டர். அது மணிக்கு 22 மி.மீ. மழைக்குச் சமம். புல்லின் அன்றைய தேவை 6 மி.மீ. என்றால் 16 நிமிடங்கள் போதும். மணற்பாங்கான மண்ணில் அதையும் நான்கு தவணைகளாகப் பிரித்து விடுங்கள். இல்லையேல் நீர் பக்கவாட்டில் பரவாமல் வேருக்குக் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: மேல்மண்ணில் வெள்ளை படிந்து புல் கருகுகிறது. கூடுதலாக நீர் விட்டும் பயனில்லையே?

பதில்: அது உப்பு. கோச்செல்லா கால்வாயில் வரும் கொலராடோ ஆற்று நீரில் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் உப்பு உண்டு. ஒரு மீட்டர் உயரத்துக்குச் சமமான நீரைப் பாய்ச்சினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 கிராமுக்கு மேல் உப்பைக் கொட்டியிருக்கிறோம் என்று பொருள். கீழிருந்து மேலேறும் நீர் ஆவியாகிவிட, அது சுமந்து வந்த உப்பு மேலேயே தங்கிவிடுகிறது. குழாய் வழியாக எவ்வளவு நீர் விட்டாலும் குழாய்க்கு மேலுள்ள உப்பு நகராது. மேலிருந்து விழும் நீர்தான் அதைக் கரைத்துக் கீழே தள்ளும். மழை அரிதான அந்த நிலத்தில் அந்த வேலையைத் தெளிப்பான்தான் செய்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் பெர்முடா புல்லின்மீது தூவும் ரை புல் விதை முளைப்பதற்கும் மேற்பரப்பு ஈரம் தேவை. தெளிப்பான்களை நீக்க வேண்டாம் என்று முதலில் சொன்னதற்கு முதன்மையான காரணங்கள் இவையே.

கேள்வி: டிரிப்பர்கள் அடைத்துக்கொள்வதை எப்படித் தடுப்பது?

பதில்: நீர் போதாதபோது வேர் டிரிப்பருக்குள் நுழையும், ஆகவே புல்லை வாட விடாதீர்கள், வேரைத் தடுக்கும் செம்பு அல்லது டிரைஃப்ளூராலின் என்ற களைக்கொல்லி கலந்த டிரிப்பர்களை வாங்குங்கள். மோட்டார் நின்றதும் குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் சேற்றை உறிஞ்சிவிடும் என்பதால், மேட்டுப் பகுதியில் காற்றை உள்ளே விடும் ஏர் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். குழாய்களின் வரைபடத்தை, காற்றோட்டத்துக்காக மண்ணில் துளையிடும் பணியாளர்களிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.