விரல் வெளுக்கும் குளிரில் பேட்டரிக் கையுறை உதவுமா?

கேள்வி: உதகையில் வசிக்கிறேன். வயது 44, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாக, மார்கழி பிறந்தாலே தொல்லைதான். காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டதும் விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. அப்புறம் நீலமாகி, கடைசியில் சிவந்து விண்விண்ணென்று வலிக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கு ப்ரோப்ரனலால் சாப்பிட்டு வருகிறேன். டொரான்டோவில் இருக்கும் என் தம்பி, பேட்டரியில் சூடாகும் கையுறை வாங்கி வருகிறேன் என்கிறான். ஷாக் அடிக்குமா? எவ்வளவு நாள் உழைக்கும்? அம்மாவுக்கு வயது 71, இருபது வருடமாகச் சர்க்கரை, பாதம் மரத்துப்போயிருக்கிறது. அவருக்கும் அதேபோல் காலுறை வாங்கலாமா?

பதில்: உங்களுக்குக் கையுறை வாங்கலாம். அம்மாவுக்குக் காலுறை வேண்டவே வேண்டாம்.

முதலில் ஷாக் பயத்தை விடுங்கள். இந்தக் கையுறைகள் பெரும்பாலும் 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஓடுபவை. அதில் ஷாக் அடிக்காது. சுவர் பிளக்கில் செருகும் 230 வோல்ட் ஒத்தடப் பட்டைகளோடு இவற்றைச் சேர்த்து நினைக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது மின்சாரத்தை அல்ல, சூட்டை.

குளிரில் விரலின் சிறு ரத்தக்குழாய்கள் எல்லோருக்கும்தான் சுருங்கும். உங்களுக்கு அளவுக்கு மீறிச் சுருங்குகிறது. சுருங்கிய பிறகு சூடு கொடுப்பதைவிட, சுருங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. அதனால் வெளியே கிளம்பும் முன்பே கையுறையைப் போட்டு, குறைந்த அளவில் சூட்டை வையுங்கள். விரல் வெளுத்து மரத்த பிறகு உச்ச அளவுக்குத் திருப்பாதீர்கள். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் இருந்தால் தோலை வேக வைத்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிக்கொண்டே போகும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று இருக்கட்டும். வலித்தைலம் தேய்த்த கையில் இதைப் போட வேண்டாம், போட்டுக்கொண்டு தூங்கவும் வேண்டாம்.

எவ்வளவு நாள் உழைக்கும் என்பது உள்ளே என்ன கம்பி, அது எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இஸ்திரிப் பெட்டி வயர் எப்போதும் கழுத்துப் பக்கம்தானே அறுகிறது? இதுவும் அப்படித்தான். விரல் முட்டி மடியும் இடத்திலும் கட்டை விரல் பிரியும் இடத்திலும்தான் முதலில் போகும். தடித்த உலோகக் கம்பி சீக்கிரம் முறியும். மெல்லிய கார்பன் இழைக் கற்றையோ, வெள்ளி பூசிய நூலோ அதைவிட வளைந்து கொடுக்கும். ஆனால் வெள்ளிப் பூச்சுக்கு வியர்வையும் சலவையும் ஆகாது. நேர்கோட்டில் தைக்காமல் பாம்பு போல வளைத்து வளைத்துத் தைத்திருந்தால், துணி நீளும்போது இழுவிசை கம்பியின் மேல் விழாது. உள்ளங்கை விட்டு, புறங்கையிலும் விரல் ஓரங்களிலும் கம்பி ஓடுகிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியே இல்லாத வழியும் தேடுகிறார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் திரிஷா ஆண்ட்ரூவின் குழு, மின்சாரம் கடத்தும் பாலிமரை ஆவி முறையில் பருத்தி நூலின் மேல் படியவைத்து, அந்த நூலில் சூடாகும் கையுறை செய்து 2017-இல் வெளியிட்டது. இன்றைக்குக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கம்பியோ கார்பன் இழையோதான்.

கம்பி முழுக்க அறுந்த கையுறை வெறும் கையுறையாகிவிடும், ஆபத்தில்லை. பாதி அறுந்ததுதான் வம்பு. கற்றையில் சில இழைகள் அறுந்தால் மிச்ச இழைகள் வழியாகவே மொத்த மின்சாரமும் நெருக்கியடித்துப் போகும், அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சுட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். துவைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு லேசாக அலசினால் போதும், முறுக்கிப் பிழியக் கூடாது.

என்னைக் கேட்டால், கையுறைக்கு முன்னால் சூடாகும் உள்சட்டை ஒன்று வாங்கச் சொல்வேன். நெஞ்சும் வயிறும் கதகதப்பாக இருந்தால் உடம்பே தாராளமாக ரத்தத்தை விரலுக்கு அனுப்பும். அங்கே மடிப்பு குறைவு என்பதால் கம்பியும் நீடித்து உழைக்கும். கையுறையோடு சாக்பீஸ் பிடிக்க முடியாத உங்களுக்கு வகுப்பறையில் உதவப்போவதும் அதுதான்.

இனி அம்மா. சர்க்கரையால் மரத்த பாதத்துக்குச் சுடுவது தெரியாது, புண் வந்தால் சீக்கிரம் ஆறவும் செய்யாது. வெந்நீரில் கால் வைத்துக் கொப்புளத்தோடு வருகிற சர்க்கரை நோயாளிகளை எங்கள் தொழிலில் பார்க்காதவர் இல்லை. காலுறை மட்டுமல்ல, வெந்நீர்ப் பையும் அவர் காலடிக்குப் போகக் கூடாது. இறுக்கமில்லாத கம்பளிக் காலுறை போதும். தினமும் பாதத்தை நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

மிதமான சூடுதானே என்று வருடக்கணக்கில் ஒரே இடத்தில் வைப்பதும் தப்பு. காஷ்மீரில் ஃபெரன் உடைக்குள் காங்கிரி என்ற கனல் சட்டியை வைத்துக்கொள்பவர்களின் வயிற்றிலும் தொடையிலும் வலை பின்னியதுபோல் பழுப்புத் தழும்பு விழும், சிலருக்குப் பல வருடம் கழித்து அங்கே புற்றுநோயே வரும். உங்கள் தோலில் அப்படிப் பழுப்பு வலை தெரிந்தால் சூட்டை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டும். வெள்ளை, நீலம், சிவப்பு என்று மாறும் இந்தத் தொல்லையை 1862-இல் மொரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார், அவர் பெயரிலேயே ரேனோ என்கிறோம். சின்ன வயதில் தொடங்கினால் பெரும்பாலும் பின்னால் வேறு நோய் இருக்காது. நாற்பதைத் தாண்டிப் புதிதாக வந்தால் தோலை இறுக்கும் ஸ்கிளிரோடெர்மா, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள் பின்னால் இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். விரல் தோல் இறுகுவது, நுனியில் புண், விழுங்கச் சிரமம், மூட்டு வீக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். இல்லாவிட்டாலும் ஒரு வாத நோய் நிபுணரைப் பார்த்து, இத்தகைய நோய்களுக்குத் தடயம் தேடும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும் நகக்கண் ரத்தக்குழாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். ப்ரோப்ரனலாலே விரலை வெளுக்க வைக்கக்கூடிய மருந்துதான். நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நிஃபெடிபைன் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன.

டாக்டர் அறைக்குள் போகும் நேரம் பார்த்து விரல் சாதாரணமாகிவிடும். அடுத்த முறை வெளுக்கும்போது மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.