கரம்பு நிலத்துக்குப் பாக்கெட் பாக்டீரியா: கேள்வி பதில்

கேள்வி: பத்து வருடம் சீமைக் கருவேலங்காடாகக் கிடந்த நிலத்தைப் பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்துவிட்டோம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியா உரப் பாக்கெட்டுகளைப் போட்டுக் கம்பு விதைக்கலாமா ஐயா?

விதைக்கலாம். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள், பொக்லைன்காரர் மேல்மண்ணை எங்கே தள்ளினார்? கருவேலமும் பயறு இனம்தான். அதன் இலை உதிர்ந்து மக்கிய மேல்மண் நல்ல மண். அதை வேரோடு சேர்த்து வரப்போரம் குவித்திருப்பார்கள். வேரை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு அந்த மண்ணைத் திரும்ப நிலத்தில் பரப்புங்கள். நூறு பாக்கெட் வாங்கினாலும் அதற்கு ஈடாகாது.

அப்புறம் பாக்கெட். ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட், இரண்டு வகையிலும் தலா 4. பத்துக் கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு தூவுங்கள். காய்ந்த மண்ணில் உச்சி வெயிலில் தூவினால் காசுதான் போகும். பாஸ்போபாக்டீரியா மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும். அசோஸ்பைரில்லம் வேரிலிருந்து கசிவதைத் தின்று வாழ்வது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது போக, வேரையும் அதிகம் கிளைக்க வைக்கும். தண்ணீர் குறைந்த நிலத்தில் இந்த இரண்டாவது வேலைதான் பெரிது என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் நிலம் களர். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் 9.2. உப்பைத் தாங்கும் பாக்டீரியா போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள்.

ஆகாது தம்பி. களரில் சோடியம் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் மழை பெய்தால் சேறு, காய்ந்தால் பாறை. சோடியத்தை விரட்ட ஜிப்சம் வேண்டும், கழுவி வெளியேற்றத் தண்ணீரும் வடிகாலும் வேண்டும். ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனை சொல்லும். பக்கத்து வயல்காரர் போட்ட அளவைப் பார்த்துப் போடாதீர்கள்.

கழுவிய பிறகு பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதையுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. களரைத் தாங்கும் பயிர் அது. சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். நுண்ணுயிர்களுக்கு அப்போதுதான் சாப்பாடு கிடைக்கிறது. அதற்குப் பிறகு போடும் பாக்டீரியாவுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. சில வகைகள் பசைபோல ஒன்றைச் சுரந்து மண் துகள்களை ஒட்டவைக்கும். உப்பில் தவிக்கும் செடிக்குள் எத்திலீன் என்ற வாயு கூடி வேர் வளர்ச்சி நின்றுபோகும். அந்த எத்திலீன் உருவாகும் மூலப்பொருளையே தின்றுவிடும் வகைகளும் உண்டு. களர் தாங்கும் நெல்லில் திருச்சியில் வெளியிட்ட டி.ஆர்.ஒய். ரகங்களைப் பாருங்கள்.

கேள்வி: உளுந்துக்கு, வேர் முடிச்சில் வாழ்ந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா போட்டேன். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்குப் பிடித்த கேள்வி! விதைத்து ஒரு மாதம் கழித்துச் செடியை எடுங்கள். பிடுங்காதீர்கள், முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வேரில் முடிச்சு இருப்பது மட்டும் போதாது. ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நைட்ரஜன் வேலை நடக்கிறது. நம் ரத்தத்துச் சிவப்பணுக்களில் இருப்பதைப் போன்ற ஒரு பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

நான் முதல் தடவை கீறிப் பார்த்தபோது எல்லாம் வெள்ளை. காரணம் நானேதான். விதைத்த கையோடு யூரியாவையும் வீசியிருந்தேன். சும்மா நைட்ரஜன் கிடைக்கும்போது செடி ஏன் பாக்டீரியாவுக்குச் சோறு போடப்போகிறது?

கேள்வி: பூஞ்சாண மருந்தில் விதை நேர்த்தி செய்துவிட்டேன். ரைசோபியமும் சேர்க்கலாமா?

மருந்து போட்டு 24 மணி நேரம் கழித்து ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள். கஞ்சி ஆறியிருக்க வேண்டும், சூட்டோடு ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: கல்குவாரி மண் கொட்டிய மேடு. மரமாவது வருமா அண்ணா?

சவுக்கு வைத்துப் பாருங்கள். அதன் வேர் முடிச்சில் இருப்பது ரைசோபியம் இல்லை, பிராங்கியா என்ற வேறொரு பாக்டீரியா. கடைப் பாக்கெட்டில் தேடி அலைய வேண்டாம். நன்றாக வளர்ந்த சவுக்குத் தோப்பில் வேரைத் தோண்டினால் பவளம்போல் கொத்தாக முடிச்சுகள் இருக்கும். புதிதாக எடுத்துக் கழுவி, நசுக்கித் தண்ணீரில் கரைத்து நாற்றங்காலில் ஊற்றுங்கள். நோய் கண்ட தோப்பிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள், அந்த நோயும் கூடவே வந்துவிடும். நடும்போது குழியில் ஒரு கூடை தொழு உரம் போடுங்கள். வெறும் ஜல்லித்தூளில் எந்த நுண்ணுயிரும் தங்காது.

கேள்வி: ஜீவாமிர்தம் ஊற்றினால் பாக்கெட்டே வேண்டாமாமே?

ஊற்றுங்கள், தப்பில்லை. வெல்லமும் பயறு மாவும் சாணமும் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. ஆனால் அதில் என்ன பெருகியிருக்கிறது என்பது கைப்பிடி வரப்பு மண்ணையும் சாணத்தையும் பொறுத்தது. சோயா போடாத நிலத்தில் சோயாவுக்கேற்ற ரைசோபியம் அநேகமாக இருக்காது. அதற்குப் பாக்கெட்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். கடைக்காரர் அதை வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் வேறு கடைக்குப் போங்கள்.