டெக்சாஸ்ல புரொபேஷன் (ஜெயிலுக்குப் பதிலா நிபந்தனையோட வெளிய விடுறது) மீறினதுக்கு ஜெயில் தண்டனை குடுத்துட்டாங்க, அப்பீல் போகலாமா?

போகலாம், ஆனா முதல்ல தேதியப் பாருங்க. தண்டனை சொன்ன நாள்லேர்ந்து பொதுவா 30 நாளைக்குள்ள அப்பீல் நோட்டீஸ் ஃபைல் பண்ணிரணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அவ்ளோதான். அடுத்த சிக்கல், இங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னு கெடையாது, மீறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு ஜட்ஜுக்குப் பட்டாலே போதும், அஞ்சு குற்றச்சாட்டுல ஒண்ணு நின்னாலும் போதும், அதுலயும் கோர்ட்ல ‘உண்மைதான்’னு ஒத்துக்கிட்டிருந்தா ஜெயிக்கிறது ரொம்பக் கஷ்டம். ஃபைன் கட்டாததுக்கு மட்டும் உள்ள போட்டிருந்தா கதையே வேற, ஏன் கட்டலைன்னு விசாரிக்காம ஜெயிலுக்கு அனுப்பக்கூடாதுன்னு 1983லயே பேர்டன் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. புரொபேஷன் கெடச்ச அந்தப் பழைய குற்றத்தையே திரும்பக் கிளறலாம்னு நெனைக்காதீங்க, பெரும்பாலும் விடமாட்டாங்க. வக்கீலுக்குக் காசில்லன்னா கோர்ட்டே போட்டுத் தரும், கேளுங்க.