மட்டக்களப்பு உப்புக்காற்றில் பழைய பின்போல் மெசினை வீட்டிலேயே திருத்த முடியுமா?

கேட்டவர் அக்கரைப்பற்றுக்காரர். அவருடைய பெரியப்பா சுவிஸிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த பின்போல் மெசின் (சாய்ந்த பலகையில் உருக்குப் பந்தை அடித்துப் புள்ளி சேர்க்கும் ஆட்டப் பெட்டி) ஒன்று பல வருடமாகக் கராஜில் கிடக்கிறதாம். வீட்டிலேயே திருத்த முடியுமா, கொழும்புக்கு அனுப்புவதா, இல்லை இரும்புக்காரனுக்கே கொடுத்துவிடுவதா என்று கேட்கிறார்.

இரும்புக்குக் கொடுக்கவேண்டாம். கொழும்புக்கும் வேண்டாம்; லொறியில் ஏற்றி இறக்குவதிலேயே கண்ணாடி போய்விடும். இந்த வேலையில் எலக்ட்ரோனிக்ஸ் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் துடைப்பது, துரு எடுப்பது, கனெக்டர் மாற்றுவது, கொயில் சுற்றுவது, பெயின்ட் தொடுவது. இதற்கெல்லாம் கைபழகிய ஆட்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கிறார்கள். அவர்கள் பின்போல் மெசினைக் கண்டதில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பதும் இதே வழியில் வந்ததுதான். சித்தப்பா கொண்டெய்னரில் வீட்டுச் சாமானோடு ஏற்றிவிட, ஆரையம்பதியில் வந்து இறங்கியது. 1979 ஆம் ஆண்டு பாலி (Bally) கம்பனி மெசின். உங்களுடையது எந்தக் காலத்தது என்று முதலில் பாருங்கள். புள்ளி காட்டும் இடத்தில் எண் எழுதிய உருளைகள் சுழன்றால் அது எலக்ட்ரோ மெக்கானிக்கல், பெரும்பாலும் 1977, 78க்கு முந்தியது. உள்ளே நூற்றுக்கணக்கான சுவிட்ச் தகடுகளும் ரிலேக்களும் இருக்கும், கம்பியூட்டர் இருக்காது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் எண்கள் என்றால் சொலிட் ஸ்டேட், அதாவது உள்ளே கம்பியூட்டர் இருக்கும். நான் கீழே சொல்வது சொலிட் ஸ்டேட் பாலியைப் பற்றி. மற்றவற்றுக்கும் பாதி பொருந்தும்.

ஒரு விசயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "வேலை செய்யுதா எண்டு பாப்பம்" என்று பிளக்கைக் குத்திப் பார்க்காதீர்கள். சுவிஸ் பிளக்கில் மூன்று சின்ன உருண்டைக் கம்பிகள் இருக்கும். நம் வீடுகளில் அதை ஏதாவது ஒரு மல்டி பிளக்கில் திணித்துவிடுவார்கள், எர்த் எங்கும் போய்ச் சேராது. பின்போல் மெசினின் கால், பக்கச் சட்டம், காசு போடும் கதவு எல்லாமே இரும்பு. விளையாடுபவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார், அதுவும் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில். ஆகவே பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு ஃபியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக் போடுங்கள். எர்த் கம்பி ட்ரான்ஸ்ஃபோமர் அடியிலிருந்து கதவு வரை தொடர்ந்து ஓடுகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் டெஸ்ட் பட்டனுக்கு விழுகிறதா என்றும் பாருங்கள்.

ஐரோப்பாவில் நின்ற மெசின் என்றால் வோல்ட் பிரச்சினை பெரிதாக இருக்காது. ட்ரான்ஸ்ஃபோமரில் 220, 240 என்று இரண்டு இணைப்பு இருந்தால் 240இல் போடுங்கள், நம்முடைய 230 சில வேளை ஏறி அடிக்கும். அமெரிக்காவிலிருந்து நேரே வந்த 120 வோல்ட் மெசின் என்றால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அவர்களுடைய 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்ஃபோமர் நம் 50 ஹேர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சுடும், அதையும் கணக்கில் எடுங்கள்.

கரண்ட் கொடுக்குமுன் பின்பெட்டியை, அதாவது புள்ளி காட்டும் மேல்பெட்டியை, திறந்து பாருங்கள். நான் பார்த்தபோது பல்லி முட்டை, குளவி கட்டிய மண்கூடு, எலி கடித்த வயர் எல்லாம் இருந்தன. அவை சில்லறை. பார்க்கவேண்டியது கம்பியூட்டர் போட்டில் (சில்லுகள் பதித்த சர்க்கியூட் அட்டை) ஈயம் வைத்துப் பொருத்தியிருக்கும் பற்றரியை. அந்தக் காலத்து மெசின்களில் அதிக புள்ளிக் கணக்கை ஞாபகம் வைத்திருக்க 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பற்றரி வைத்தார்கள். அது ஒழுகினால் செம்புக் கோடுகளைப் பச்சையாக அரித்துத் தின்னும், ஆவியே பக்கத்துச் சொக்கெட்டுகளுக்குள் போய்விடும். வெட்டி எடுத்துவிடுங்கள். வெளியே வந்தது காரம், அதனால் புளிப்பு வேண்டும்: வெள்ளை வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்க்கவேண்டும். தென்னை வினாகிரி வேண்டாம், அதில் மண்டி இருக்கும். பிறகு நல்ல தண்ணீர், அதன் பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோல். பச்சை பிடித்த இடத்தை மெல்லிய அரத்தாளால் செம்பு பளிச்சென்று வரும்வரை உரசவேண்டும், இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது. புதுப் பற்றரியை மறுபடி அதே போட்டில் வைக்காதீர்கள். வயர் இழுத்து வெளியே, கீழே வையுங்கள், அல்லது பற்றரியே தேவைப்படாத நினைவகச் சில்லு ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது மின்சாரம். எல்லாப் போட்டிலிருந்தும் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸ்ஃபோமரையும் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர் போட்டையும் மட்டும் உயிர்ப்பிக்கவேண்டும். பாலியில் டெஸ்ட் புள்ளிகள் வரிசையாக இருக்கும்: பல்புக்கு 5.4 வோல்ட், டிஸ்பிளேக்கு 230, போட்டுகளுக்கு 11.9, பொது வெளிச்சத்துக்கு ஏசியில் 7.3, கொயில்களுக்கு 43. சுமை இல்லாதபோது கொஞ்சம் கூடக் காட்டும், பரவாயில்லை. அந்த 230 டிசி வோல்ட் ஆளைக் கொல்லும். சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும். அதன் ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டு மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு போடுங்கள். ஃபியூஸ் விசயத்தில் அட்டையில் எழுதியிருக்கும் அளவுதான். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போட்ட ஃபியூஸ் ஒன்றை நான் கண்டிருக்கிறேன்.

கொயில்களை இயக்கும் சொலினொயிட் போட்டில் 11,700 மைக்ரோஃபரட் என்று ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கும். அது இந்த வயதில் உலர்ந்திருக்கும், கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். 15,000 மைக்ரோஃபரட், 25 வோல்ட் கொழும்புப் புறக்கோட்டையில் எடுக்கலாம்.

இனி அழகான பகுதி. கம்பியூட்டர் போட்டில் ஒரு சின்ன எல்இடி இருக்கிறது. மெசினைப் போட்டதும் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு ஏழு தடவை மினுக்கவேண்டும். ஒவ்வொரு மினுக்கலும் ஒரு சோதனை தேறியதற்கு அடையாளம்: முதலாவது ரொம் (ஆட்டத்தின் புரோகிராம் இருக்கும் சில்லு), இரண்டாவதும் மூன்றாவதும் ரெம் (தற்காலிக நினைவகம்), நான்கும் ஐந்தும் மற்றப் பாகங்களோடு பேசும் பீஐஏ சில்லுகள், ஆறாவது டைமர். ஏழாவதில்தான் ஆட்கள் ஏமாறுவது. ஆறு மினுக்கி நின்றுவிட்டால் போட் செத்துவிட்டது என்று நினைத்து வெளிநாட்டில் புதுப் போட் ஓடர் பண்ணுவார்கள். ஏழாவது சோதனை பார்ப்பது கொயில்களுக்குப் போகும் 43 வோல்ட் வருகிறதா என்பதை. அந்த ஃபியூஸ் எரிந்திருந்தாலும், வழியில் ஒரு கனெக்டர் பின் துருப்பிடித்திருந்தாலும் ஏழாவது வராது. ஒரு சின்ன ஃபியூஸுக்காக ஒரு போட்டை மாற்றக்கூடாது. எல்இடி துடிக்காமல் ஒரேயடியாக எரிந்துகொண்டே நின்றால், அது ரொம் அல்லது சொக்கெட் பக்கத்து வியாதி. சில்லுகளை மெல்லக் கழற்றி மறுபடி பதிப்பதிலேயே சில வேளை உயிர் வந்துவிடும்.

கனெக்டர் என்றேனே, நம் கரையில் மெசினைக் கொல்வது அதுதான். கல்லடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் குடியிருக்கிறோம். தகரம் பூசிய பின்னில் உப்புப் படிந்தால் தொடுகை கெடும். தொடுகை கெட்டால் சுடும், சுட்டால் இன்னும் கெடும். பிளாஸ்டிக் கருகி மண்ணிறமாக இருக்கும் இடங்களைப் பாருங்கள், அநேகமாகப் பொது வெளிச்சத்தின் இணைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் விளங்கும்: 44 இலக்க பல்ப் ஒன்று 0.25 அம்பியர் இழுக்கிறது, நாற்பது பல்ப் என்றால் 10 அம்பியர். அதே அளவில் 47 இலக்க பல்ப் 0.15 தான், நாற்பதுக்கு 6 அம்பியர். எல்இடி போட்டால் இன்னும் குறையும். வெளிச்சத்தின் நிறம் மாறிவிடும் என்று எல்இடியை வெறுக்கும் ஆட்கள் உண்டு. நானும் விளையாட்டுப் பலகையின் மேல் இழை பல்புதான் வைத்திருக்கிறேன், பின்கண்ணாடிக்குப் பின்னால் எல்இடி. கருகிய பின்னை அரத்தாளால் உரசித் தற்காலிகமாக ஓட்டலாம், ஆனால் தகரப் பூச்சுப் போய்விடுவதால் அடுத்த மாரிக்குள் திரும்பக் கருகும். பெண் முனை, ஆண் முனை இரண்டையும் மாற்றுவதுதான் வேலை. போட்டுப் பக்கத்தில் பின்களின் அடி ஈயம் வட்டமாக வெடித்திருக்கும், கண்ணாடி வைத்துப் பார்த்து எல்லாவற்றுக்கும் புது ஈயம் கொடுங்கள். டபிள்யூடி-40 அடித்தால் சரியாகும் என்று ஒரு ரேடியோ திருத்துபவர் எனக்குச் சொன்னார். சரியாகாது. அது தூசியை ஒட்டவைக்கும், கொயிலுக்குள் போனால் உள்ளே ஓடும் இரும்புத் தண்டு சிக்கிக்கொள்ளும். கொயில் குழாய் காய்ந்துதான் இருக்கவேண்டும். தேய்ந்தால் நைலோன் குழாயை மாற்றுங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

பந்தை அடிக்கும் ஃபிளிப்பர் கொயிலில் இரண்டு சுற்று இருக்கிறது. தடித்த கம்பி அடிக்கும் வேகத்துக்கு, மெல்லிய கம்பி தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு. ஃபிளிப்பர் மேலே போய் முடியும் இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச் திறந்து கரண்டை மெல்லிய கம்பி வழியாகத் திருப்பவேண்டும். அது திறக்காவிட்டால் கொயில் புகையும். என்னுடையதில் வலப்பக்கத்துக் கொயில் ஏற்கனவே எரிந்திருந்தது. தண்ணீர் மோட்டர் சுற்றித்தரும் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது மோட்டர் ஸ்டாட்டிங் கொயில் மாதிரித்தானே தம்பி, வெட்டிவிடுற சுவிட்ச் ஒட்டிக்கிட்டா எரியும்" என்றார். அதற்கு மேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் சொல்லிக் கொடுக்கவேண்டும். கொயில் தாளில் 25-500/34-4500 என்று எழுதியிருக்கும்: 25 கேஜில் (கேஜ் என்பது கம்பியின் தடிப்பைக் குறிக்கும் எண்) 500 சுற்று, 34 கேஜில் 4500 சுற்று. அது அமெரிக்கக் கேஜ். நம்மூர்க் கடையில் இருப்பது பிரிட்டிஷ் கேஜ். பேசாமல் "25" என்று சொன்னால் 0.51 மில்லிமீற்றர் கம்பி போடுவார்கள், தேவைப்படுவது 0.455. பிரிட்டிஷ் கேஜில் அது 26. மெல்லியது 0.16 மில்லிமீற்றர், பிரிட்டிஷ் 37க்கும் 38க்கும் இடையில் விழும். கேஜ் எண்ணை விட்டுவிட்டு மைக்ரோமீற்றரில் அளந்து மில்லிமீற்றரில் சொல்லுங்கள். கொயிலின் முனையில் கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோட் இருக்கும், கோடு போட்ட பக்கம் எது என்று கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள். மாறிப்போனால் ஃபியூஸ் போகும், கூடவே ட்ரான்சிஸ்டரும் போகலாம்.

விளையாட்டுப் பலகைக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். ஒட்டுப்பலகை, ஈரம் குடித்தால் நிற எழுத்துகள் எழும்பி உரிந்துவிடும். வைட் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பருத்திச் சாரத் துண்டு போதும், மருதமுனைக் கைத்தறிச் சாரம் என்றால் நூலும் பிசிறாது. பெயின்ட் தேய்ந்த இடத்துக்கு, டிஜிட்டல் பனர் வருமுன் கடைப் பலகை எழுதிய ஓவியர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அக்ரிலிக்கில் நிறம் கலப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. காய்ந்ததும் உரசும் பொடி கலக்காத கார் மெழுகு. பின்கண்ணாடியின் உட்பக்கத்தை மட்டும் துடைக்கவே கூடாது. படம் கண்ணாடியின் முதுகில்தான் பூசியிருக்கிறது, ஈரத்துணி பட்டால் செதில் செதிலாகக் கையோடு வரும்.

றப்பர் வளையங்கள் எல்லாம் நம் வெயிலுக்கு வெடித்திருக்கும். சின்னக் கம்பங்களுக்குப் பம்ப் கடை ஓ ரிங் போட்டு ஓட்டலாம், பந்து அவ்வளவாகத் துள்ளாது. ஃபிளிப்பருக்கு உரிய றப்பரை வெளிநாட்டிலிருந்து எடுங்கள், பாரம் இல்லாதபடியால் யாராவது விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாம். பந்து 27 மில்லிமீற்றர், 80 கிராம் உருக்கு. துருப்பிடித்த பந்தோடு ஒரு ஆட்டம்கூட ஆடாதீர்கள், பலகையைச் சுரண்டிவிடும்.

காசு போடும் ஓட்டையைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி இதைச் சூதாட்ட மெசின் என்றே முடிவு கட்டினார். அவரைக் குறை சொல்லமுடியாது, நியூயோர்க் நகரமே 1942இலிருந்து 1976 வரை அதே காரணத்துக்காகப் பின்போலைத் தடைசெய்து வைத்திருந்தது. 1947இல் கொட்லீப் கம்பனி ஃபிளிப்பரைக் கொண்டுவருமுன் பந்தை விட்டால் அது போகும் வழிதான், ஆடுபவர் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆச்சி இப்போது மாலையில் வந்து ஒரு ஆட்டம் போடுகிறார்.

கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் மெசினைச் சும்மா விடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் போட்டுவிட்டால் பல்ப் சூட்டிலேயே ஈரம் போகும். போடமுடியாத நாட்களில், அலுமாரிக்குள் கமெரா வைத்தவர்கள் செய்வதுபோல, பெட்டிக்குள் 15 வோட் இழை பல்ப் ஒன்றைப் பலகைக்கு முட்டாமல் எரியவிடுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்யவேண்டியது பின்பெட்டியைத் திறந்து பற்றரி இருக்கும் மூலையைப் படம் எடுத்து இங்கே போடுவதுதான். பச்சை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்தால் அந்தப் போட்டைக் கழுவிக் காப்பாற்றலாமா, புதிது எடுக்கவேண்டுமா என்று சொல்லிவிடலாம். கழுவி முடித்து முதல்தடவை போடும்போது எல்இடி எத்தனை மினுக்கலில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.