தினமும் ஓடியும் மூன்றாவது ரவுண்டில் கை தூக்க முடியவில்லையா?

தினமும் 10 கிலோமீட்டர் ஓடியும் ஸ்பாரிங்கில் (எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சியில்) மூன்றாவது ரவுண்டிலேயே கை கனத்துவிடுகிறது, முதல் தொழில்முறைக் குத்துச்சண்டைப் போட்டி நெருங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தொங்கவிட்ட குத்துப் பையை (பேக்) அடிக்கும்போது இந்தச் சிக்கலே இல்லை என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. எதிரில் ஆள் நின்றதும் தோள் இறுகி, மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள்.

ஒவ்வொரு குத்துக்கும் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை விடுங்கள். குத்து போய்ப் படும் நொடியில் மட்டும் முஷ்டி இறுகட்டும், திரும்பும்போது தளரட்டும். அடி வாங்கிய உடனேதான் பலரும் மூச்சைப் பிடிப்பார்கள். அப்போது பதிலடிக்குப் பாயாமல் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்து, மூச்சை விட்டு, அப்புறம் அடியுங்கள். பாதி வேக ஸ்பாரிங்கில்தான் இது பழகும், கோச்சிடம் கேளுங்கள்.

ஓட்டத்தை விடவேண்டாம். வாரம் இரண்டு நாள் மட்டும் 3 நிமிடம் வேகம், 1 நிமிடம் நடை என்று மாற்றுங்கள். ரிங்கிலும் பொதுவாக 3 நிமிட ரவுண்டு, 1 நிமிட ஓய்வு என்பதுதான் கணக்கு.

இன்னொன்று: போட்டியின் எடைப் பிரிவுக்காகத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு ஸ்பாரிங் செய்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். நீர் வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்குவது உண்மையிலேயே ஆபத்து.